ஆட்டமும் அடக்கமும்



பரிசளிப்பு விழா மலர் என்றால் தமிழின் பெருமை, கல்வியின் மேன்மை, ஒழுக்கத்தின் சிறப்பு என்று எழுதுவதுதான் வழக்கம். நான் இம்முறை ஊஞ்சலைப் பற்றி எழுதப் போகிறேன். "வாத்தியாருக்கு வேறு பொருளே கிடைக்கலையா?" என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கொஞ்சம் பொறுமையோடு படித்து வாருங்கள். ஊஞ்சலில் புறப்படும் இந்தக் கதை பிரான்சு, அமெரிக்கா, ஜப்பான் என்று சுற்றிவிட்டு, நம் தம்போய்க்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்கூடாயில் வந்து நிற்கிறது. இடையிலே பாலங்கள் அறுந்திருக்கின்றன. மனிதர்கள் மாண்டிருக்கிறார்கள். ஆடுகிற பொருளை அடக்க மனிதன் பட்ட பாட்டின் வரலாறு இது.

இதை எழுதத் தூண்டியவன் என் பழைய மாணவன் ஒருவன். இப்போது துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறான். சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில் பார்த்தபோது, "வேலை எப்படியப்பா?" என்று கேட்டேன். "சார், பெட்டியத் தூக்குறது பெரிசே இல்ல. தூக்கினது ஆடாம நிக்கணும் பாருங்க, அதுதான் சார் பெரிசு. கீழே ஆள் நிக்கிறான்" என்றான். அந்தக் கடைசி மூன்று சொற்கள் வீடு வரும் வரையில் என் காதிலேயே இருந்தன.

ஊஞ்சல் சொல்லும் பாடம்

ஊஞ்சல் ஆடும் பிள்ளையைத் தள்ளிவிடாத தகப்பன் உண்டா? தள்ளுவதற்கு ஒரு நேரம் இருக்கிறது. ஊஞ்சல் பின்னால் வந்து திரும்பும் அந்தக் கணத்தில் ஒரு விரலால் தொட்டால் போதும், உயரப் போகும். நிறுத்துவதற்கும் அப்படியே ஒரு நேரம் உண்டு. ஊஞ்சல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கமாக இழுக்க வேண்டும்.

இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள். ஊஞ்சல் ஒரு முறை போய்த் திரும்பி வர 3 விநாடி ஆகிறது. நிறுத்த வருகிறவர் கண்ணால் பார்த்து, யோசித்து, கை நீட்டுவதற்குள் கொஞ்சம் பிந்துகிறார். முக்கால் விநாடி பிந்தினால் என்ன ஆகும்? அது ஒரு முழு ஆட்டத்தின் கால் பங்கு. அவர் ஊஞ்சலை ஒரு நேரம் தடுப்பார், மறுநேரம் தள்ளுவார். இரண்டும் சரிக்குச் சரியாகப் போய், பட்ட பாடெல்லாம் வீணாகும். ஒன்றரை விநாடி பிந்தினால்? அது அரைப் பங்கு. அப்போது ஊஞ்சல் திரும்பி எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். தடுக்க நீட்டிய கை தள்ளுகிற கையாக மாறிவிடும். நிறுத்த வந்தவரே ஆட்டத்தை வளர்த்துவிடுவார். அவர் பலசாலியாக இருந்தால் இன்னும் மோசம். பலம் எவ்வளவு கூடுதலோ, கெடுதலும் அவ்வளவு கூடுதல்.

நல்ல எண்ணம் இருக்கிறது, பலமும் இருக்கிறது, ஆனால் கை பிந்திவிட்டது. அதனால் உதவி உபத்திரவமாயிற்று. இதைத்தான் அறிஞர்கள் 'தாமதத்தால் வரும் நிலைகுலைவு' என்கிறார்கள். பள்ளிக்கூட ஊஞ்சலில் இது ஒரு வேடிக்கை. பாலத்திலும் மாடியிலும் அப்படி அல்ல.

அறுந்து விழுந்த பாலங்கள்

1831-ஆம் ஆண்டு ஏப்ரல் 12. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்குப் பக்கத்தில் புரோட்டன் என்னுமிடத்தில் ஒரு தொங்கு பாலம் இருந்தது. 74 போர்வீரர்கள் அணிவகுத்து அதன்மீது நடந்தார்கள். காலடி ஒரே தாளமாக விழ, பாலமும் அதே தாளத்தில் துள்ளத் தொடங்கியது. வீரர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் ஓங்கி மிதித்தார்கள். ஓர் இரும்பு ஆணி முறிந்தது. பாலத்தின் ஒரு பக்கம் ஆற்றில் சாய்ந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதமில்லை. அன்றைக்குப் பிறகுதான், பாலத்தைக் கடக்கும்போது தாளம் கலைத்து நடக்க வேண்டும் என்ற கட்டளை ஆங்கிலேயப் படையில் வந்தது.

1850-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-இல் பிரான்சு நாட்டு ஆன்ஜே நகரத்துக்கு அந்த நல்லவேளை வாய்க்கவில்லை. புயல் காற்றில் ஆடிக்கொண்டிருந்த தொங்கு பாலத்தில் ஒரு படைப்பிரிவு ஏறியது. கால் தடுமாறாமல் இருக்க வீரர்கள் பாலத்தின் ஆட்டத்துக்கு ஏற்றாற்போலத் தாங்களும் சாய்ந்து நடந்தார்கள். அதுவே ஆட்டத்தைக் கூட்டியது. துருப்பிடித்த கம்பி வடங்கள் பிடுங்கிக்கொண்டு வந்தன. 200-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள்.

பிறகு 1940. அமெரிக்காவின் டகோமா என்ற ஊரில், கடற்கால்வாயின் குறுக்கே ஒரு தொங்கு பாலம் ஜூலை 1-இல் திறக்கப்பட்டது. நடுப்பகுதி மட்டும் 853 மீட்டர். இலேசான காற்றுக்கே மேலும் கீழும் அசைந்ததால் மக்கள் அதற்கு 'துள்ளும் பாலம்' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். நவம்பர் 7-ஆம் தேதி, மணிக்கு 65 கிலோமீட்டர் அளவிலான காற்றில் அது துணி பிழிவதைப் போல முறுக்கிக்கொண்டு ஆடி, கடைசியில் அறுந்து விழுந்தது. அந்தக் காற்று ஒன்றும் சூறாவளி அல்ல. விட்டு விட்டு அடித்ததுமில்லை. பாலம் முறுகிய ஒவ்வொரு முறையும் அந்த முறுக்கமே காற்றிலிருந்து மேலும் கொஞ்சம் விசையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. தன்னைத் தள்ளும் கையை அந்த ஆட்டம் தானே உண்டாக்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

நீளமும் மெல்லிய உடலும் கொண்ட பொருள் எதுவானாலும் இந்த ஆபத்து உண்டு. மூங்கிலைப் பாருங்கள், தூண்டில் கோலைப் பாருங்கள். வளைவதுதான் அவற்றின் பலம், ஆடுவதுதான் அவற்றின் பலவீனம்.

பிந்துவதைக் கண்டுபிடித்தவர்கள்

ஆட்டத்தை அடக்க ஒரு கருவியை வைத்தால், அந்தக் கருவியே பிந்தி வந்து கெடுக்கலாம் என்பதை மனிதன் முதலில் கண்டது நீராவி எந்திரத்தில். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் எந்திரத்துக்கு ஒரு வேகக் காவலனை வைத்தார். சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகள்தாம் அது. வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் சுருங்கி நீராவியைக் கூட்டும். அருமையான ஏற்பாடு. ஆனால் சில எந்திரங்களில் குண்டுகள் விரிந்து அடைப்பதற்குள் வேகம் எல்லை தாண்டிவிடும். திறப்பதற்குள் மிகவும் இறங்கிவிடும். எந்திரம் ஒரு நிலையில் நில்லாமல் ஏறி இறங்கி, ஏறி இறங்கித் தவிக்கும். தோட்டத்தில் பழைய ஜெனரேட்டர் ஓடிய காலத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்து, மங்கி, மீண்டும் பளிச்சென்று எரிந்ததைக் கண்டவர்களுக்கு இது புரியும். 1868-இல் மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர், இத்தகைய தவிப்பு எப்போது தானாக அடங்கும், எப்போது வளர்ந்துகொண்டே போகும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அடுத்து நிக்கோலாய் மினோர்ஸ்கி. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கப்பல் மாலுமி சுக்கான் பிடிப்பதை உற்றுக் கவனித்தார். புதிய ஆள் கப்பல் திசை தவறிய பிறகு திருப்புகிறான். அது நேராக வந்த பிறகுதான் சுக்கானை விடுகிறான். கப்பலோ அதற்குள் மறுபக்கம் போய்விடுகிறது. அனுபவசாலி அப்படிச் செய்வதில்லை. கப்பல் நேராக வருவதற்கு முன்பே சுக்கானைத் திருப்பிப் பிடித்துவிடுகிறான். அவன் கண் இருக்கிற இடத்தை மட்டும் பார்க்கவில்லை, போகிற வேகத்தையும் பார்க்கிறது. இதை மினோர்ஸ்கி 1922-இல் கணிதமாக எழுதினார்.

அதோடு அவர் நிற்கவில்லை. அலையில் கப்பல் பக்கவாட்டில் உருளுவதைத் தடுக்க, இருபக்கமும் தொட்டி வைத்து நீரை இங்கும் அங்கும் இறைக்கும் முறையையும் ஆராய்ந்தார். நீரை இறைக்கப் பம்புக்கு நேரம் பிடிக்கும். நீர் போய்ச் சேருவதற்குள் கப்பல் அந்தப் பக்கமே சாய ஆரம்பித்துவிட்டால், உதவிக்கு வந்த நீரே கப்பலை மேலும் சாய்க்கும். பிந்திவரும் விசை எப்படித் தானாகவே ஆட்டத்தை உண்டாக்குகிறது என்று 1942-இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல்.

பாட்டி போட்ட இலை

ஆட்டத்தை அடக்க எந்திரமே வேண்டாத வழியும் ஒன்று உண்டு. நம் பாட்டிமார் தண்ணீர்க் குடத்தைத் தலையில் தூக்கும்போது, நீரின்மேல் ஒரு கொத்து இலையைப் போட்டுக்கொள்வார்கள். ஏன்? நடையின் தாளத்தில் நீர் தளும்பும். இலை அந்தத் தளும்பலோடு உராய்ந்து அதன் வேகத்தைத் தின்றுவிடும். நீர் சிந்தாது. பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டி செய்த பொறியியல் அது!

1909-இல் ஜெர்மானியரான ஹெர்மன் ஃபிராம் இதற்கு ஒரு படி மேலே போனார். ஆடும் பொருளோடு இன்னொரு சிறு பொருளை வில்லால் இணைத்து, இரண்டும் ஒரே தாளத்தில் ஆடும்படி அளந்து வைத்தால், சிறியது பெரியதன் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும் என்று காட்டினார். இதற்கு இப்போது இசைவுநிறைத் தணிப்பான் என்று பெயர் சொல்லலாம். இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. சரியாக அளந்து வைத்தால், அந்தச் சிறு நிறை பெரிய கட்டடத்துக்கு ஓர் ஆட்டத்தின் கால் பங்கு பின்தங்கியே ஆடும். பின்தங்குவதால்தான் அதன் இழுப்பு கட்டடம் ஓடும் திசைக்கு எப்போதும் எதிராக விழுகிறது. ஆகத் தாமதம் எப்போதும் பகை அல்ல. அளவறிந்த தாமதம் துணையாகவும் வரும். மாணவர்களே, இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் மறுபடி வரும்.

1977-இல் நியூயார்க் நகரில் சிட்டிகார்ப் கட்டடத்தின் உச்சியில் ஏறக்குறைய 400 டன் கான்கிரீட் பாளத்தை இப்படி வைத்தார்கள். தைவானின் தைப்பே 101 கோபுரத்தில் 660 டன் எடையுள்ள தங்க நிறக் குண்டு ஒன்று கம்பி வடங்களில் தொங்குகிறது. 2015 ஆகஸ்டு புயலின்போது அது ஒரு மீட்டர் அளவுக்கு ஆடியது. கட்டடத்தின் ஆட்டத்தைத் தான் வாங்கிக்கொண்டு ஆடிய ஆட்டம் அது. அவ்வளவு தூரம் போவானேன்? கோலாலம்பூரில் நம் இரட்டைக் கோபுரங்களை இணைக்கும் வான்பாலத்தைத் தாங்கிச் சாய்ந்து நிற்கும் கால்களுக்குள்ளும் இவ்வகைத் தணிப்பான்கள் இருக்கின்றன. மெல்லிய நீண்ட குழாய்க் கால்கள் அல்லவா? காற்றில் அதிராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அடுத்த முறை சுற்றுலா போகும்போது அண்ணாந்து பார்த்து, "அந்தக் காலுக்குள் ஒரு காவலன் இருக்கிறான்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

யோசிக்கும் கட்டடம்

பாட்டி போட்ட இலை யோசிப்பதில்லை. ஒரே தாளத்துக்கு அளந்து வைத்த குண்டும் யோசிப்பதில்லை. காற்று ஒரு மாதிரி வரும், நிலநடுக்கம் வேறு மாதிரி வரும். 2009 செப்டம்பர் 30-இல் சுமத்திராவின் பாடாங் நகரைக் குலுக்கிய நிலநடுக்கத்தில், கடல் கடந்து நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் உயர்ந்த கட்டடங்கள் அசைந்தன, மக்கள் கீழே இறங்கி வந்தார்கள். தொலைவிலிருந்து வரும் நிலநடுக்கத்தில் வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துபோகும். மெதுவான நீண்ட அலைகள் மட்டும் வந்து சேரும். உயர்ந்த கட்டடங்களின் ஆட்டமும் மெதுவானது. ஆகவே லயத்து வீட்டில் ஒன்றும் தெரியாது, பத்தாம் மாடியில் விளக்கு ஆடும்.

வருகிற ஆட்டத்தைப் பார்த்து, யோசித்து, எதிர்த்துத் தள்ளும் கட்டடம் இருந்தால் எப்படி? 1972-இல் அமெரிக்காவில் யாவ் என்னும் பேராசிரியர் இந்த எண்ணத்தைக் கட்டுரையாக எழுதினார். 1989-இல் ஜப்பானியர்கள் செய்தே காட்டினார்கள். தோக்கியோவில் கியோபாஷி பகுதியில் 11 மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், கணினியின் கட்டளைப்படி நகரும் எடைகளை வைத்தார்கள். உணர்கருவி ஆட்டத்தை அளக்கும், கணினி கணக்குப் போடும், எந்திரம் எடையை நகர்த்தும். உலகில் முதன்முதலாக இப்படி அமைந்த முழுக் கட்டடம் அதுதான்.

இங்கேதான் நம் பழைய பகைவன் மீண்டும் தலைகாட்டுகிறான். அளக்க ஒரு கணம், கணக்கிட ஒரு கணம், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் எந்திரம் நகர ஒரு கணம். எல்லாம் சேர்ந்து விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அது பெரிய நேரமா? கட்டடம் முழுவதும் 6 விநாடிக்கு ஒரு முறை ஆடும்போது அது ஒன்றுமே இல்லை. ஆனால் வளையும் பொருளுக்கு ஓர் ஆட்டம் மட்டும் இல்லை. தூண்டில் கோலைச் சுண்டிப் பாருங்கள். கோல் முழுவதும் மெதுவாக அசையும், அதே நேரம் நுனி படபடவென்று துடிக்கும். அந்தப் படபடப்பு 0.4 விநாடிக்கு ஒரு முறை என்றால், 0.1 விநாடித் தாமதம் அதன் கால் பங்கு. ஊஞ்சல் கணக்கு நினைவிருக்கிறதா? கால் பங்கு பிந்தினால் தடுப்பு வீண், அதற்கும் மேலே போனால் தடுப்பே தள்ளல். பெரிய ஆட்டத்தை அடக்கப் போன எந்திரம் சிறிய துடிப்பை வளர்த்துவிட்டுவிடும். ஆகவே இந்தத் துறையில் கட்டடத்தின் உறுதியை அளப்பது எவ்வளவு அவசியமோ, தன் கை எவ்வளவு பிந்துகிறது என்று அளப்பதும் அவ்வளவு அவசியம்.

1957: ஒரே ஆண்டில் இரண்டு விடைகள்

இதற்கான விடை ஜப்பான் கட்டடத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வித்திடப்பட்டிருந்தது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஓட்டோ ஸ்மித் என்ற பேராசிரியர் இருந்தார். 1957-இல் அவர் இரண்டு வழிகளை வெளியிட்டார்.

முதல் வழி, முன்கூட்டி அறிவது. காலியாய்க் கிடக்கும் நீண்ட ரப்பர் குழாயால் செடிக்கு நீர் விடுகிறோம். பைப்பைத் திறந்ததும் நீர் வராது. பொறுமையில்லாத பையன் இன்னும் திறப்பான், இன்னும் திறப்பான். திடீரென்று பீய்ச்சியடித்துச் செடியே சாயும். கெட்டிக்காரப் பையன், "நான் திறந்தது இவ்வளவு, வழியில் வந்துகொண்டிருக்கிறது" என்று மனத்திலே கணக்கு வைத்திருப்பான். மேற்கொண்டு திறக்க மாட்டான். ஸ்மித் சொன்னதும் இதுதான். உண்மையான எந்திரத்தின் நகல் ஒன்றைக் கணக்கிலே ஓட விடு. விளைவு வந்து சேரும் வரையில் காத்திராமல் நகல் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்.

இரண்டாவது வழி இன்னும் அழகானது. அதை நான் சொல்லப் போவதில்லை. நீங்களே செய்து பாருங்கள்.

ஒரு கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பிடிக்கும் இடத்திலிருந்து கல்லின் நடு வரைக்கும் சரியாக 1 மீட்டர் இருக்கட்டும். அப்படித் தொங்கும் கல் ஒரு முறை போய்த் திரும்ப 2 விநாடி எடுக்கும். கல்லின் எடை எதுவானாலும் கணக்கு மாறாது. நூலின் நீளந்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. இதை 400 ஆண்டுகளுக்கு முன்பு கலிலியோ ஆராய்ந்து சொன்னார்.

முதலில் கையை 10 சென்டிமீட்டர் சட்டென்று பக்கவாட்டில் நகர்த்தி நிறுத்துங்கள். கல் ஆடும், வெகுநேரம் ஆடும். கல் ஓயும் வரை காத்திருந்து இரண்டாம் முறை செய்யுங்கள். இப்போது 5 சென்டிமீட்டர் மட்டும் சட்டென்று நகர்த்துங்கள். மனத்திலே ஒரு விநாடி எண்ணுங்கள். பிறகு மீதி 5 சென்டிமீட்டரை நகர்த்துங்கள். என்ன நடக்கிறது? கல் அப்படியே நின்றுவிடும்!

மாயமில்லை, மந்திரமில்லை. முதல் 5 சென்டிமீட்டர் நகர்ந்ததும் கல் ஆடத் தொடங்குகிறது. அரை ஆட்டம் முடியும் அந்த ஒரு விநாடியில் அது கையைத் தாண்டி 5 சென்டிமீட்டர் முன்னால் போய், திரும்புவதற்காக ஒரு கணம் நிற்கிறது. சரியாக அந்தக் கணத்தில் கையும் 5 சென்டிமீட்டர் நகர்ந்து அதன் தலைக்கு நேராக வந்துவிடுகிறது. கல்லுக்கு இனி ஆட ஒன்றுமில்லை. அரை ஆட்டம் பிந்தினால் ஆட்டம் வளரும் என்று ஊஞ்சலில் பார்த்தோம். அதே அரை ஆட்டத் தாமதத்தை வேண்டுமென்றே அளந்து வைத்தால் ஆட்டம் சாகிறது. முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான்.

நூல் 4 மடங்கு நீண்டால் நேரம் 2 மடங்காகும். 25 மீட்டர் என்றால் 10 விநாடி. துறைமுகத்துப் பாரந்தூக்கியின் கம்பி வடத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பாதி நகர்த்து, 5 விநாடி பொறு, மீதி நகர்த்து. கைதேர்ந்த ஓட்டுநர்கள் கணக்குப் படிக்காமலேயே அனுபவத்தில் இதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். என் மாணவனிடம் இதைச் சொன்னபோது, "நாங்க அதத்தான் சார் 'பிடிச்சு விடறது'ங்கிறோம்" என்று சிரித்தான்.

விண்வெளியிலிருந்து ஸ்கூடாய் வரை

1981 நவம்பரில் அமெரிக்க விண்வெளி ஓடத்தில் கனடா நாட்டவர் செய்த 15 மீட்டர் எந்திரக் கை முதன்முதலாகப் பறந்தது. எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதால் மெல்லியதாகச் செய்தார்கள். மெல்லியதானதால் அசைத்து நிறுத்தியதும் ஆடியது. ஆட்டம் ஓயும் வரை விண்வெளி வீரர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தகைய மெல்லிய எந்திரங்களின் காலம் வந்ததும் ஸ்மித்தின் பழைய வழிக்கு மறுபிறவி கிடைத்தது. 1990-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிங்கரும் சீரிங்கும் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். ஸ்மித்தின் வழியில் ஆட்டத்தின் நேரத்தைத் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் மிச்ச ஆட்டம் நிற்கும். இவர்கள் நகர்வை மூன்றாகப் பிரித்தார்கள். கால் பங்கு, அரைப் பங்கு, கால் பங்கு. அப்போது கணக்கில் சிறு பிழை இருந்தாலும் ஆட்டம் பெரிதாக மிஞ்சாது. நூலும் கல்லும் வைத்து இதையும் செய்து பார்க்கலாம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1972-இல் கோலாலம்பூரில் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக நிமிர்ந்த நிறுவனம், 1975-இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. 1980-களில் ஸ்கூடாயில் அதன் பெரிய வளாகம் எழுந்தது. நம்மில் பலர் அந்த நுழைவாயிலைத் தாண்டித்தான் போய் வருகிறோம். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஸஹாருடின் முகமது என்ற ஆய்வாளரும், இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் தோக்கி என்ற பேராசிரியரும் சேர்ந்து, வளையும் எந்திரக் கையின் அதிர்வை அடக்குவது பற்றி 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு மீட்டருக்கும் குறைவான நீளம், 3 மில்லிமீட்டர் அளவே தடிப்பு. கிட்டத்தட்ட நம் வகுப்பறை அடிக்கோல் மாதிரி ஓர் அலுமினியத் தகடு. அதை மோட்டாரில் பொருத்தித் திருப்பினார்கள். பலவித வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கட்டளையைத் துண்டாக்கி, அளந்த இடைவெளி விட்டுக் கொடுக்கும் வழியே அதிர்வை நன்றாக அடக்கியது என்று கண்டார்கள்.

இந்தப் பக்கம் பாசிர் கூடாங், அந்தப் பக்கம் 1999-இல் இயங்கத் தொடங்கிய தஞ்சோங் பெலப்பாஸ். இரண்டு துறைமுகங்களிலும் இரவு பகலாகப் பெட்டிகள் தொங்குகின்றன. நடுவிலே தொங்கும் பொருளின் ஆட்டத்தைப் படிக்கும் பல்கலைக்கழகம். அதற்குப் பக்கத்திலே நாம். பால்மரம் நின்ற இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அந்த மாடிகளும் ஆடக்கூடியவைதாம். அவற்றைக் கட்டவும் காக்கவும் போகிற கைகளில் நம் பிள்ளைகளின் கைகளும் இருக்க வேண்டாமா? அந்த நுழைவாயிலை வெளியே நின்று பார்த்துவிட்டு, "அதெல்லாம் நமக்கு எங்கே?" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஒரு கல்லும் ஒரு மீட்டர் நூலும் இல்லாத வீடு எது? அங்கே நடக்கும் ஆராய்ச்சியின் முதல் பாடத்துக்கு அவ்வளவுதான் செலவு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வள்ளுவர் 'காலமறிதல்' என்று ஓர் அதிகாரத்தையே வைத்தார். நான் பத்து ஆண்டுக்கு மேலாக வகுப்பறையில் கண்டதைச் சொல்கிறேன். ஆண்டின் தொடக்கத்தில் பிள்ளை கணக்கில் தடுமாறுவான். யாரும் பார்ப்பதில்லை. ஆண்டு முடிவில் மதிப்பெண் அட்டை வந்ததும் வீட்டிலே புயல் அடிக்கும், பிரம்பு எடுக்கப்படும். அடிக்கிறவருக்குப் பாசம் இல்லையா? இருக்கிறது. அந்தக் கையில் பலம் இல்லையா? அதுவும் இருக்கிறது. கை பிந்திவிட்டது, அவ்வளவுதான். அதற்குள் பிள்ளை கணக்கையே வெறுத்து வேறு பக்கம் திரும்பியிருப்பான். அந்த நேரத்து அடி அவனை இன்னும் தூரத் தள்ளும்.

ஆசிரியர்களாகிய நாங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. நாங்கள் பிந்திக் கண்டுபிடித்த பிள்ளைகளும் உண்டு. ஆகவே இந்த ஆண்டு ஒரு சிறு முடிவு எடுப்போம். வாரத்துக்கு ஒருநாள், பத்து நிமிடம், பிள்ளையின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சிவப்பு மையில் எத்தனை கோடு என்று எண்ணினால் போதும். கோடு கூடினால் அந்த வாரமே பள்ளிக்கு வந்து ஒரு வார்த்தை கேளுங்கள். விரலால் தொட்டே சரி செய்யலாம், பிரம்பு வேண்டியதில்லை.

மாணவர்களே, இன்று பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் வீட்டுக்குப் போனதும் நூலை எடுங்கள், கல்லைக் கட்டுங்கள். பாதி நகர்த்துங்கள், ஒன்று எண்ணுங்கள், மீதியை நகர்த்துங்கள். கல் நின்றதா இல்லையா என்று திங்கட்கிழமை வகுப்பில் எனக்குச் சொல்லுங்கள். நிற்காவிட்டால் நூலை மறுபடி அளந்து பார்ப்போம்.